காலைக்கு ஒரு கோடு

செப்டம்பர் 2, திங்கள்

பள்ளியில் மிச்சமான பாடக்குறிப்பேடு ஒன்று வீட்டில் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். ஒன்பது வருடம் டீச்சர் வேலை பார்த்தவளுக்குக் கட்டம் போட்ட தாள் இல்லாமல் கை ஓடாது.

இன்று முதல் என் மகள் சம்யுக்தாவுக்கு வீட்டில்தான் பள்ளிக்கூடம். வயது ஏழு, இரண்டாம் வகுப்பு. மாணவர் எண்ணிக்கை ஒன்று. தாராபுரத்தில் எந்தப் பள்ளியிலும் இவ்வளவு சின்ன வகுப்பு கிடையாது, பேனரே வைக்கலாம்.

ஏன் ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் மாவு ஆட்டி விற்கும் தங்கமணி அக்கா, "ஏதாச்சும் வேண்டுதலுங்களா டீச்சர்?" என்று கேட்டார். பிள்ளையின் ஜாதகத்தில் கட்டம் சரியில்லையோ என்று எதிர்வீட்டில் பேச்சு. சாமியும் இல்லை, ஜாதகமும் இல்லை. வகுப்பில் பிள்ளை வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். ஜூலை நடுவில் நின்றது. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள், பள்ளி வாசலை மிதித்தால் ஒரு சொல் வராது. அவளுடைய கிளாஸ் மிஸ் அப்படி. நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒரு குழந்தையைக் குறுகிப்போக வைத்த மிஸ். அந்தக் கதையை எழுதி இந்த நோட்டை அழுக்காக்க வேண்டாம். நானும் அதே பள்ளியில்தான் இருந்தேன். ஒரே நாளில் என் ராஜினாமாவையும் அவளுடைய டி.சி.யையும் முடித்துக்கொண்டு கூட்டி வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பூபதிக்குக் காங்கயத்தில் எண்ணெய் மில்லில் சூப்பர்வைசர் வேலை. அதிகம் பேச மாட்டார். இன்று காலை கிளம்பும்போது பேசினார். "பொங்கல் வரைக்கும் பாரு. அதுக்குள்ள புள்ளைக்கு வகுப்புல பேச்சு வந்துச்சுன்னா இங்கயே வேற ஸ்கூல்ல சேத்துக்கலாம். இல்லீன்னா கோயமுத்தூர்ல அண்ணன் ஊட்டுல விட்டு அங்க சேத்துருவேன். அண்ணிகிட்டப் பேசிட்டேன்."

"பொங்கலுக்குள்ள உங்க பொண்ணு பேச்சுப்போட்டிக்கே போவாளுங்க" என்றேன். சொல்லிவிட்டேன். செய்து காட்ட வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பழைய மாணவர்கள் நான்கு பேர் போனில் ரோஜாப் படம் அனுப்பினார்கள். ஒருவனுக்கு "நன்றி"யில் எழுத்துப்பிழை. திருத்தி அனுப்பினேன்.

நம் பள்ளியின் நடைமுறையைக் குறித்து வைக்கிறேன். ஒன்பதரைக்கு எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மணி. நான் சேலை கட்டி, பின் குத்தி, கைக்கடிகாரத்தோடு ஹாலுக்கு வருவேன். நைட்டியோடு உட்கார்ந்தால் பிள்ளைக்குப் பயபக்தி வராது. பாட நேரத்தில் நான் மிஸ். அம்மா சமையலறையில் இருப்பாள், மூன்றரைக்குத்தான் வருவாள். இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் அட்டெண்டன்ஸ். பெயரைக் கூப்பிட்டால் "பிரசன்ட் மிஸ்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் காலைக்கு ஒரு கோடு, மத்தியானம் அதை வெட்டி இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி மாதிரி ஆகிவிட்டால் முழுநாள் வந்ததாகக் கணக்கு. சொல்லாவிட்டால் சிவப்பு மையில் "ஆ". ஆப்சென்ட்.

நான்கு நாளும் "ஆ"தான். கண் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட் போட எனக்கு மட்டும் ஆசையா? ஆனால் அவள் பயந்து நின்ற இடமே அதுதான். அங்கேதான் பழக்க வேண்டும்.

மூன்றரைக்குக் கதவு ஓரமாக எட்டிப் பார்த்து, "மிஸ் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். போயாச்சு என்றதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிறகு இட்லி, அணில், தங்கமணி அக்கா வீட்டுக் கிரைண்டர் என்று ஓயாத பேச்சு. விளையாட, எழுதாமல் கிடந்த என்னுடைய பழைய வருகைப் பதிவேடு ஒன்றைக் கொடுத்தேன். பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

திருப்பூரில் குழந்தை டாக்டரைப் பார்த்தோம். தொண்டையில் குறை இல்லை, காதில் குறை இல்லை, அறிவில் குறை இல்லை. "பயம் இல்லாத இடத்துல தானா பேசுவா. வீட்டுல பேசறாள்ல?"

"நல்லாப் பேசுவா டாக்டர்."

"எவ்வளவு பேசறான்னு தினமும் குறிச்சு வைங்க. கட்டாயப்படுத்தாதீங்க."

குறித்து வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இன்று அவள் என்னிடம் பேசிய சொற்கள்: தொண்ணூற்றாறு.

செப்டம்பர் 27, வெள்ளி

கூட்டலில் புலி. தமிழ் வாசிப்பு கண்ணால் நடக்கிறது, வாயால் இல்லை. பாடம் மூன்றரைக்கு முடிந்தால் போதாது என்று தெரிகிறது. அதனால் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது ஏழாம் வாய்ப்பாடு, தோசை தட்டில் விழும்போது தோசைக்கு ஸ்பெல்லிங். நேரம் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு மூன்றரை மாதம்தான் இருக்கிறது.

"மிஸ் போயிட்டாங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். பள்ளி பழகிவிட்டது போலிருக்கிறது.

சொற்கள்: நாற்பத்தொன்று.

அக்டோபர் 9, புதன்

பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஒரு அம்மா வந்தார். நல்ல மனுஷி, வெயிலில் வந்த களைப்பு. மோர் கொடுத்தேன். என்னுடைய கால அட்டவணை, பாடத்திட்டம், வாராந்தரத் தேர்வுத்தாள் எல்லாம் எடுத்துப் பரப்பினேன். "அடேங்கப்பா, ஸ்கூல்லகூட இப்படி இல்லீங்க மேடம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு சம்யுவைப் பார்த்து, "பாப்பா பேரென்ன கண்ணு?" என்றார்.

சம்யு சுவரோடு சுவராக நின்றாள்.

"புது ஆளைப் பாத்தா பயம். அதான்" என்றேன்.

அந்த அம்மா மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "அது என்னையப் பாக்கவே இல்லீங்களே மேடம். உங்களையத்தான பாத்துட்டு நிக்குது."

பாரத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது வருடம் நாற்பது பிள்ளைகளை மேய்த்த எனக்கு இவர் வந்து சொல்லித்தர வேண்டுமாம்.

சொற்கள்: பதினெட்டு.

அக்டோபர் 17, வியாழன்

காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. மணி அடிக்கவில்லை, பாடம் நடக்கவில்லை. நாள் முழுவதும் நைட்டியோடு பாயில் கிடந்தேன். சம்யு பக்கத்தில் படுத்துக்கொண்டு என் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தாள். அணிலுக்குக் காய்ச்சல் வந்தால் யார் ஊசி போடுவார்கள், அதற்கு எங்கே போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரித்ததில் எனக்கு இருமல் அதிகமானது.

சொற்கள் எண்ணவில்லை. எண்ணுகிற தெம்பு இல்லை. வீணான நாள்.

அக்டோபர் 18, வெள்ளி

காய்ச்சல் விட்டது. நேற்றைய பாடத்தையும் சேர்த்து நடத்தினேன். சொற்கள்: ஒன்பது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பாவாடை சட்டையில் அழகாக இருந்தாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் வெடி கொளுத்தக் கூப்பிட்டார்கள், போகவில்லை. "பேசாம இருக்கறதுதான் உங்க மகளுக்குப் புடிக்கும்" என்று அதில் ஒருத்தி சொன்னாள். அதிரசத்தில் பாகு முறிந்துவிட்டது. சொற்கள்: நான்கு. அதில் இரண்டு "வேண்டாம்."

நவம்பர் 6, புதன்

மத்தியானம் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கமணி அக்கா வீட்டில் ஒரு பிள்ளைக் குரல். ஈரத்துணி கையில் அப்படியே நின்றது. சம்யுவின் குரல்!

மாவு ஊற்றி வைக்கிற பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பள்ளிக்கூட விளையாட்டு. "தூக்குப்போசி!" என்று அதட்டுகிறாள். பிறகு குரலை மாற்றி, "பிரசன்ட் மிஸ்." "குண்டா!" "பிரசன்ட் மிஸ்." கணீரென்று, ஒரு தடங்கல் இல்லாமல். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. என் பயிற்சி வீண்போகவில்லை.

அடுத்தது "அம்மா!" என்று கேட்டது. என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். வாசலில் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். எத்தனை கெஞ்சியும் திறக்கவில்லை. கையிலிருந்த பதிவேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

தங்கமணி அக்காவிடம், "இங்க தினமும் பேசறாளாக்கா?" என்றேன்.

"பேசறாளாவா? வாய் மூடுனாத்தான டீச்சர். மாவு வாங்க வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் பேர் வெச்சிருக்கறா." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சின்னப்புள்ளதானுங்க. கொஞ்சம் விட்டுப் புடிங்க" என்றார்.

அக்கா வீட்டில் பேசுகிறவள் என்னிடம் ஏன் பேசுவதில்லை? சரி, இனி அங்கே போகக் கூடாது. பேச ஆசையாக இருந்தால் என்னிடம் பேசட்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

சொற்கள்: ஒன்று. "ம்" என்பதைச் சொல்லாகச் சேர்த்தால்.

நவம்பர் 14, வியாழன்

பூஜ்யம்.

நவம்பர் 15, வெள்ளி

பூஜ்யம். அப்பாவின் காதில் மட்டும் ஏதோ சொல்கிறாள். நான் அறைக்குள் போனால் இருவரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் மூச்சு முட்டும்.

டாக்டர் கட்டாயப்படுத்தாதே என்றார். அவருக்கென்ன, பொங்கலுக்குப் பிறகு அவருடைய பிள்ளையா கோயமுத்தூர் போகப்போகிறது? இன்று காலை முடிவெடுத்தேன். எது வேண்டுமானாலும் வாயால் கேட்டால்தான் கிடைக்கும். தண்ணீர் வேண்டுமா, கேள். பென்சில் வேண்டுமா, கேள். ஒரு சொல், ஒரே ஒரு சொல்.

பதினொரு மணிக்கு எழுந்து நின்றாள். கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரிந்தது, பாத்ரூம் போக வேண்டும். "வாயத் தொறந்து கேளு, போலாம்" என்றேன். நின்றாள். "மிஸ்னு கூப்புடு, போதும்." நின்றாள். ஸ்கேலால் மேஜையில் ஓங்கித் தட்டினேன்.

பாயெல்லாம் ஈரம். அழக்கூட இல்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூலையில் நின்ற அதே மாதிரி.

நவம்பர் 20, புதன்

பாய் காய்வதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார் அவர். நேற்று நான் சொல்லவில்லை. இன்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். சொன்னேன். சொல்லும்போதே அந்தப் பள்ளியைத் திட்டினேன். அந்த மிஸ் என் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டாள், அவள் நல்லா இருப்பாளா என்றேன். நாலு மாதமாக இதைத்தான் சொல்கிறேன், அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இன்று எழுந்துவிட்டார்.

"சுகந்தி, போதும். அந்த மிஸ் யாருன்னு எனக்குத் தெரியாதா? ஊருக்குச் சொல்லு, நான் குறுக்க வர மாட்டேன். எங்கிட்டயும் அதையே சொல்லாத."

பிறகு மெதுவாக, "தையி வரைக்கும்கூட வேண்டாம். அரைப்பரீட்சை லீவுல அண்ணன் வராரு. புள்ளையக் கோயமுத்தூருக்குத் தாட்டி விட்டறலாம்" என்றார்.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி.

நவம்பர் 21, வியாழன்

எழுதிவிடுகிறேன். சிவப்பு மையில் எழுதுகிறேன், மற்ற பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

இரண்டாம் வகுப்பு பி பிரிவின் கிளாஸ் மிஸ் நான்தான். ஜூனில் சம்யு என் வகுப்புக்கே வந்தாள். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி சொல்லிவிடக் கூடாது. அதனால் முதல் நாளே சொன்னேன், இங்கே நான் அம்மா இல்லை, மிஸ். தலையை ஆட்டினாள். ஏழு வயதுக்குத் தலையை ஆட்டத்தான் தெரியும்.

ஒரு நாள் அட்டெண்டன்ஸில் வாய் தவறி "பிரசன்ட் அம்மா" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல. சரியாச் சொல்ற வரைக்கும் ஆப்சென்ட்" என்றேன். மறுநாள் கூப்பிட்டபோது அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "ஆ" போட்டேன். பதினோரு நாள் "ஆ". பன்னிரண்டாம் நாள் பாத்ரூம் கேட்க முடியாமல் பெஞ்சை நனைத்தாள். நான் போகவில்லை. ஆயாவைக் கூப்பிட்டுவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடர்ந்தேன். எந்தப் பிள்ளைக்கு அப்படி ஆகியிருந்தாலும் போய்த் தூக்கியிருப்பேன். என் பிள்ளை என்பதால் போகவில்லை.

எழுதிவிட்டேன். மனசு லேசாகும் என்பார்களே, ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 28, வியாழன்

ஒரு வாரமாகப் பாடம் இல்லை. எப்படி நடத்துவது என்றும் தெரியவில்லை, எப்படி நிறுத்துவது என்றும் தெரியவில்லை. தங்கமணி அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். போய்விட்டு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறாள். "கண்ணு, அம்மாகிட்ட வா" என்றேன். எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். வகுப்பில் நிற்பதுபோல.

டிசம்பர் 2, திங்கள்

அவள் துணிகளைக் கோயமுத்தூருக்கு எடுத்து வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். பாவாடைகளுக்கு அடியில் பழைய பதிவேடு. விளையாடக் கொடுத்தேனே, அதுதான். கட்டம் தவறாமல், தேதி போட்டு, செப்டம்பரிலிருந்து நிரப்பியிருக்கிறாள். முதல் வரிசையில் பெயர்: மிஸ். இரண்டாவது வரிசையில்: அம்மா. அதற்குக் கீழேதான் தூக்குப்போசி, குண்டா எல்லாம்.

செப்டம்பர் முதல் மூன்று வாரம் இரண்டு பேருக்கும் கோடு உண்டு. மிஸ்ஸுக்குக் காலைக் கோடு, அம்மாவுக்கு மத்தியானக் கோடு. மூன்றரைக்கு மேல் அம்மா வந்திருக்கிறாள். அதன் பிறகு மிஸ் ஒரு நாள்கூட லீவு இல்லை, காலையும் உண்டு, மத்தியானமும் உண்டு. ஞாயிறுகூட. அம்மாவின் வரிசையில் சிவப்பு. ஆ, ஆ, ஆ, ஆ. பக்கம் திருப்பினால் ஆ. தீபாவளிக்கும் ஆ.

ஒரே ஒரு நாள் மட்டும் அம்மாவுக்கு முழு வருகை. பெருக்கல் குறியைப் பேனா அழுந்த அழுந்தப் போட்டுச் சுற்றிலும் பூ வரைந்திருக்கிறாள். அக்டோபர் 17. இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். "வீணான நாள்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று சுவருக்கு அப்பால் அவள் "அம்மா" என்றாளே, என்னைக் கூப்பிடவில்லை. என் பெயரை வாசித்திருக்கிறாள். நான் ஓடிப்போய் வாசலில் நின்றதற்கும் நவம்பர் ஆறில் "ஆ"தான்.

அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். துணி எதையும் எடுத்து வைக்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

மணி அடிக்கவில்லை. அந்தத் தட்டில் தோசை போட்டுத் தின்றோம். குளிக்கவில்லை, நைட்டியோடு ஹாலுக்குப் போய் அவள் பாயில் உட்கார்ந்தேன். என் நாற்காலியைக் காட்டி, "நீ அங்க உக்காரு சம்யு" என்றேன். பதிவேட்டையும் இரண்டு பேனாக்களையும் அவள் மடியில் வைத்தேன்.

பதிவேட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. திட்டுவேன் என்று நினைத்திருப்பாள்.

"திட்ட மாட்டேன் சாமி. நீ போட்டதெல்லாம் சரி. ஒண்ணுகூடத் தப்பில்ல. உன் கிளாஸ்ல உனக்கு நான்தான் ஆப்சென்ட் போட்டேன். நீ இருந்த, நான்தான் இல்ல. அம்மா மேலதான் தப்பு."

அசையவில்லை. காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியாது, பழக்கம் இல்லை. கடிகாரத்தைப் பார்க்கக் கை தூக்கினேன், கையில் கடிகாரம் இல்லை. அணில் வந்து ஜன்னலில் உட்கார்ந்துவிட்டுப் போனது. தங்கமணி அக்கா வீட்டுக் கிரைண்டர் ஓடி நின்றது.

பத்தே முக்கால் வாக்கில் பதிவேட்டைத் திறந்தாள். மிஸ் வரிசையைத் தாண்டிப் பேனா இறங்கி, இரண்டாவது வரிசையில் நின்றது. கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பிரசன்ட்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பேனா அசையவில்லை. இன்னும் என்னையே பார்த்தாள். சரியாகச் சொல்லவில்லை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். என் பார்வை அது. பிறகு அவள் உதடு பிரிந்தது.

"பிரசன்ட் மிஸ்னு சொல்லோணும்."

இருபது நாளுக்குப் பிறகு என் மகள் என்னிடம் பேசினாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் துடித்தது. பாயை விட்டு எழவில்லை. எழுந்து நின்று சொல்ல வேண்டுமோ என்று ஒரு நொடி பயந்தேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் பதினோரு நாள் எப்படி நின்றிருப்பாள் என்று அப்போது தெரிந்தது.

மூன்றாவது தடவை வந்தது. "பிரசன்ட் மிஸ்."

இன்றைய கட்டத்தில், அம்மா வரிசையில், நீல மையில் ஒரு கோடு போட்டாள். சாய்வாக, ஒரே ஒரு கோடு. மூடியைப் போட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு கோடு?" என்று கேட்டுவிட்டேன்.

"அத மத்தியானம் பாக்கலாம்" என்றாள்.

இப்போது மணி பதினொன்றே கால். கோயமுத்தூர் அண்ணன் வர இன்னும் இருபது நாள் இருக்கிறது. அவள் தங்கமணி அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், நான் பாயிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியான அட்டெண்டன்ஸ் ஒன்றரைக்கு.